தண்ணீர் அதிகம் மாற்றாத செடித்தொட்டி: வன்னிக் கிணற்று நீரில் வரும் பிழைகளும் நீக்கும் வழியும்

இங்கே வரும் கணக்கெல்லாம் இரண்டடித் தொட்டிக்கு: நீளம் 24 அங்குலம், அகலம் 12, உயரம் 12. ஏட்டுக் கணக்கில் 56 லீற்றர் பிடிக்கும். அடியில் மண்ணும் மணலும் போட்டு, விளிம்பிலிருந்து இரண்டு விரல் விட்டு நிரப்பினால் உள்ளே நிற்பது 45 லீற்றர் அளவுதான். உரமோ மருந்தோ போடும்போது இந்த 45 ஐயே பாருங்கள். 56 என்று நினைத்து ஊற்றினால் நாலில் ஒரு பங்கு கூடிப்போகும்.

செடி நெருக்கமாக, மீன் குறைவாக, மாதத்தில் ஒருமுறை ஐந்து லீற்றர் மட்டும் மாற்றுகிற தொட்டி இது. மீன் கழிவில் பிறக்கும் அமோனியாவையும், பற்றீரியா அதை மாற்றித் தரும் நைத்திரேற்றையும் செடி எடுத்துக்கொள்வதால் அடிக்கடி மாற்றத் தேவையில்லை. செடி எடுக்காமல் விடுவது உப்பு. ஆனையிறவு உப்பளத்தில் பாத்தியில் விட்ட கடல்நீரை வெயிலும் காற்றும் கொண்டுபோக உப்பு மிஞ்சுகிறது அல்லவா, மூடாத மீன்தொட்டியிலும் அதே வேலை மெதுவாக நடக்கிறது. கச்சான் (தென்மேல் பருவக்காற்று) வீசும் மாதங்களில் நாளுக்கு அரைச் சென்ரிமீற்றர் வற்றுவது சாதாரணம். 60 க்கு 30 சென்ரிமீற்றர் பரப்பில் அது 0.9 லீற்றர். ஐம்பது நாளில் 45 லீற்றர், அதாவது ஒரு தொட்டித் தண்ணீர். மாதாந்த ஐந்து லீற்றரைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், அந்தக் குறையைக் கிணற்று நீரால் நிரப்பி வந்திருந்தால் ஐம்பதாம் நாள் உள்ளே இருப்பது கிணற்றைவிட இரண்டு மடங்கு உப்பு. நூறாம் நாள் மூன்று மடங்கு. கண்ணாடிக்குள் பார்த்தால் தண்ணீர் பளிங்காகத்தான் இருக்கும்.

ஆகவே எந்தக் குறி தெரிந்தாலும் முதலில் டீடீஎஸ் பேனாவை (நீரில் கரைந்த உப்பைப் பீபீஎம்மில், அதாவது லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று, காட்டும் கருவி) கிணற்று நீரிலும் தொட்டி நீரிலும் அமிழ்த்தி இரண்டு எண்ணையும் எழுதுங்கள். தொட்டியின் எண் கிணற்று எண்ணின் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தால் கீழே உள்ளதில் எதை வாசித்தாலும் அதோடு சேர்த்து முதலாம் குறிக்குச் சொன்ன வேலையையும் செய்ய வேண்டும். பேனாவோடு பீஎச் (நீரின் புளிப்பு, கார அளவு), காபனேற்று வன்மை (பீஎச் இறங்காமல் தாங்கும் காபனேற்று அளவு), நைத்திரேற்று மூன்றும் காட்டும் பட்டித்தாள் ஒரு டப்பா, ஒரு வெப்பமானி. அதற்குமேல் கருவி வாங்கத் தேவையில்லை.

பழைய மீன் சுகமாக இருக்கிறது, புதிதாக விட்டது இரண்டு மூன்று நாளில் சாகிறது

வன்னியில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. பழி கடைக்காரர்மேல் விழும். பெரும்பாலும் அவர் பிழை இல்லை. பழைய கப்பி மீன்கள் மாதக் கணக்கில் உப்பு ஏற ஏறப் பழகி வந்தவை. புதிய மீன் 300 பீபீஎம் நீரிலிருந்து 1,200 பீபீஎம் நீருக்குள் ஒரு நிமிடத்தில் போகிறது. அதன் உடல் நீர்ச்சமநிலை குலைய, ஒரு நாள் தின்னாமல் மூலையில் நின்று, இரண்டாம் நாள் செட்டையை ஒடுக்கி, மூன்றாம் நாள் செத்து மிதக்கிறது. உடலில் புண்ணும் இராது, புள்ளியும் இராது.

இதைக் கண்டவுடன் பாதித் தண்ணீரைத் தூக்கி ஊற்றிவிடாதீர்கள். புதிய மீனைக் கொன்ற அதே அதிர்ச்சி, திசை மாறி, பழைய மீனுக்கும் வரும். மூன்று நாளுக்கு ஒருமுறை நாலரை லீற்றர் எடுத்து, அதே அளவு மழைநீர் விடுங்கள். பத்தில் ஒன்று வீதம் ஏழு தடவை மாற்றினால் உப்பு ஏறத்தாழ அரைவாசியாகும் (1,200 இருந்தது 600 க்குக் கிட்ட வரும்). மூன்று கிழமை வேலை. அதுவரை புதிய மீன் வாங்க வேண்டாம்.

பிறகு மீன் விடும்போது பையோடு மிதக்கவிட்டு அவிழ்ப்பது போதாது. அது வெப்பத்தை மட்டுமே சமன் செய்யும். மீனை அதன் நீரோடு சிறு வாளியில் ஊற்றி, தொட்டியிலிருந்து காற்று ரியூப் ஒன்றைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்குங்கள். நொடிக்கு இரண்டு மூன்று துளி விழட்டும். வாளி நீர் நாலு மடங்காகும்வரை, ஒன்றரை இரண்டு மணித்தியாலம், பொறுத்து வலையால் எடுத்து விடுங்கள். வாளி நீரைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது.

திரும்ப வராமல் இருக்க ஒரு பழக்கம் போதும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். வற்றியதைக் கோடுவரை நிரப்புவது மழைநீரால் மட்டும். மாதாந்த ஐந்து லீற்றரை மாற்றும்போது ஒரு பங்கு கிணற்று நீர், இரண்டு பங்கு மழைநீர்.

மழைநீர் எங்கே கிடைக்கும் என்று கோடையில் கேட்டுப் பயனில்லை. ஐப்பசி கார்த்திகையிலேயே பிடித்து வைக்க வேண்டும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். பத்துச் சதுர மீற்றர் கூரைத்துண்டுக்குப் பீலி போட்டால் 25 மில்லிமீற்றர் மழை ஒன்றே 210 லீற்றர்ப் பரலை நிரப்பிவிடும். நாளுக்கு 0.9 லீற்றர் வீதம் மாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் ஒரு தொட்டிக்கு அந்த ஒரு பரல் ஏறக்குறையப் போதும். இடையில் சித்திரை மழை வந்தால் மிச்சமும் வரும். பருவத்தின் முதல் இரண்டு மூன்று மழையைக் கூரை கழுவப் போகவிடுங்கள், பறவை எச்சமும் கச்சான் புழுதியும் அதில் போகும். ஓட்டுக் கூரை நல்லது. பழைய நாகத்தகடு துத்தநாகத்தை விடும். இறாலும் நத்தையும் வளர்ப்பவர்கள் அந்த நீரைத் தவிர்க்க வேண்டும். பூச்சிமருந்து வந்த பரல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வாயை நுளம்பு நுழையாத வலையால் கட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

மழைநீர் தீர்ந்தால் அடுத்தது ஆர்ஓ தண்ணீர் (நுண்சவ்வால் வடித்து உப்பு நீக்கியது). சிறுநீரக நோய்ப் பயத்தால் குடிநீருக்கென்று வன்னிக் கிராமங்கள் பலவற்றில் ஆர்ஓ நிலையங்கள் இருக்கின்றன. நாளுக்கு ஒரு லீற்றர் என்றால் பெரிய செலவில்லை. கொதிக்க வைத்து ஆறிய கிணற்று நீர் மழைநீருக்கு ஈடாகாது. கேத்திலில் படியும் வெள்ளைப் படை காபனேற்று வன்மையில் ஒரு பகுதிதான், சோடியமும் குளோரைட்டும் நீரிலேயே நிற்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்துச் சவர்க் கிணறுகளுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே கிணற்று நீரைத்தான் பாவிக்க வேண்டுமென்றால் மொலி மீனும் வலிஸ்னேரியாவும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கபோம்பா போன்ற மென்னீர்ச் செடி அழுகும்.

நீர்மட்டத்தில் வெள்ளைக் கோடு, இலையில் மணல்போலச் சொரசொரப்பு

கண்ணாடிக் கோடு வற்றிய நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு. மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கி, வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மறுபடி துடைத்தால் போகும். இதற்கு இதற்குமேல் பேச்சில்லை.

இலையில் வருவது வேறு விடயம். ஹைட்ரில்லா, வலிஸ்னேரியா போன்றவை நீரில் காபனீரொட்சைட்டு தீர்ந்ததும் இருகாபனேற்றை உடைத்துக் காபனை எடுக்கும். அப்போது கல்சியம் காபனேற்று இலைமேலேயே படியும். விரல் நுனியால் இலையைத் தடவினால் உப்புத்தாள்போல அரைபடும். நகத்தால் சுரண்டினால் சாம்பல்நிறத் துகள் பெயரும். செடிக்கு நோய் இல்லை. ஆனால் தொட்டியின் பீஎச் எங்கே போகிறது என்று அது சொல்கிறது.

காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பட்டித்தாள் நனைத்துப் பாருங்கள். காலையில் 7.8, மாலையில் 9 என்று ஒன்றுக்குமேல் வித்தியாசம் வந்தால் விளக்கு தேவைக்கு மிஞ்சி எரிகிறது. நாளுக்கு 6 மணித்தியாலமாகக் குறையுங்கள். யன்னல் வெயில் நேரே படுகிறதென்றால் அட்டை வைத்து மறையுங்கள். பகலில் காற்றுக்குமிழியை மெதுவாக விடலாம், இரவில் கூட்டலாம்.

மாலை பீஎச் உயர்வதை இலேசாக எடுக்கக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. 25 பாகை, பீஎச் 7 இல் மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் 100 க்கு 0.6 பங்கு. 30 பாகை, பீஎச் 8.2 இல் 100 க்கு 11 பங்கு. ஏறத்தாழ இருபது மடங்கு. வெளிநாட்டு வழிகாட்டிகளில் ‘இவ்வளவு அமோனியா பரவாயில்லை’ என்று போட்டிருப்பது வன்னித் தண்ணீருக்கும் வெக்கைக்கும் செல்லாது என்பது இதனால்தான்.

ஒரு விடயம் இங்கே சேர்க்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரை இறைத்த உடனே அளந்தால் பீஎச் 7 காட்டும். கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறியதும் அடுத்த நாள் 8 ஐத் தாண்டும். வாளியில் 24 மணித்தியாலம் வைத்துப் பிறகு அளந்ததுதான் உண்மையான எண்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறது, பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது

இரவில் செடியும் மூச்சுவிடுகிறது. மீன், பற்றீரியா, அழுகும் இலை, செடி எல்லாம் சேர்ந்து ஒட்சிசனைத் தின்று முடிக்கும் நேரம் விடியப்புறம். வெந்நீரில் ஒட்சிசன் குறையவே கரையும்: 25 பாகையில் லீற்றருக்கு 8.2 மில்லிகிராம், 32 பாகையில் 7.3. சல்வீனியா என்ற மிதக்கும் செடி மேற்பரப்பை முழுதாக மூடியிருந்தால் காற்றுப்படும் வழியும் இல்லை.

முதலில் மிதக்கும் செடியில் பாதியை அள்ளுங்கள். அள்ளியதை வெயிலில் காயவிட்டு எரியுங்கள் அல்லது புதையுங்கள், குளத்திலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். 1939 இல் இலங்கைக்குள் வந்த இந்தச் சல்வீனியாதான் பின்னர் நாடெங்கும் குளத்தையும் வயலையும் மூடியது. அடுத்து, இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை காற்றுப் பம்பை ஓடவிடுங்கள். அழுகிய இலைகளை எடுங்கள். இவ்வளவும் செய்து நாலு நாளில் மாறவில்லையென்றால் மீன் கூடிவிட்டது. ஆணும் பெண்ணுமாக ஆறு கப்பி வாங்கியவர் நாலு மாதத்தில் எண்ணிப் பார்க்கட்டும். மாற்றாத தொட்டிக்கு ஆண் கப்பி மட்டும் எட்டுப் பத்து என்பதே சரியான அளவு.

கரண்ட் போன இரவில் இதே குறி வந்தால்: பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு பேணியால் தொட்டி நீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை. வெளியே வைக்கும் மூடிய பில்டர் மூன்று நாலு மணித்தியாலம் நின்றிருந்தால் கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடக் கூடாது. உள்ளே பற்றீரியா மூச்சடைத்துச் செத்து நீர் கெட்டிருக்கும். திறந்து, அந்த நீரை வெளியே கொட்டி, ஸ்பொஞ்சைத் தொட்டி நீரில் அலசிப் பிறகு பூட்டுங்கள். மின்வெட்டுக்குத் தப்புவது தொட்டிக்குள் திறந்து நிற்கும் ஸ்பொஞ் பில்டர்தான். விலையும் குறைவு.

பகல் முழுக்கத் திணறல், நீர் 32 பாகைக்குமேல்

தகரக் கூரைக்குக் கீழே வைத்த தொட்டியில் வைகாசி தொடங்கி இது வரும். சின்ன மின்விசிறியை நீர்மேல் வீச வைத்தால் காய்ந்த கச்சான் காற்றில் 2 முதல் 4 பாகை இறங்கும். மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் அவ்வளவு இறங்காது, தேவையும் இல்லை. விசிறி ஓடினால் நாளுக்கு ஒரு சென்ரிமீற்றர், அதாவது 1.8 லீற்றர் வற்றும். அதையும் மழைநீரால் நிரப்பாதவர் வெக்கையைத் தணித்து உப்பை ஏற்றுகிறார். விசிறி பாவிக்கும் வீட்டில் ஒரு பரல் போதாது, இரண்டு வைக்க வேண்டும்.

உறைந்த போத்தல் போடும் பழக்கத்தைப் பற்றி: அரை லீற்றர் ஐஸ் முழுதாகக் கரைந்து சூடேறினாலும் 45 லீற்றரை ஒரு பாகைக்குச் சற்றுக் கூடத்தான் இறக்கும். அவசரத்துக்கு உதவும், நாளாந்த வழியல்ல. தொட்டியை நிலத்துக்குக் கிட்டவும் உள்சுவர்ப் பக்கமும் மாற்றுவது அதைவிடப் பெரிய வேலை செய்யும்.

தண்ணீர் பச்சை

மிதக்கும் நுண்பாசி. பில்டர் பிடிக்காது, துணியால் வடித்தும் போகாது. கிணற்று நீரால் மாற்ற மாற்றப் புதுச் சத்து ஏறி மறுபடி பச்சையாகும். தொட்டியைக் கறுப்புத் துணியாலோ பல மடிப்புப் பத்திரிகைத் தாளாலோ நாலு பக்கமும் மூடி, விளக்கை அணைத்து, நாலு ஐந்து நாள் விடுங்கள். தீனி வேண்டாம், காற்றுப் பம்ப் நிற்கக் கூடாது. இடையில் திறந்து பார்க்காதீர்கள். திறந்ததும் செத்த பாசி அடியில் படிந்திருக்கும். ரியூபால் உறிஞ்சி ஐந்து லீற்றர் எடுத்து மழைநீர் விடுங்கள். அதன்பின் விளக்கு 6 மணித்தியாலம், ஹோர்ன்வேர்ட் போல வேகமாக வளரும் செடி இரண்டு பிடி.

பால்போலக் கலங்கல்

பச்சை இல்லை, வெண்மை. புதுத் தொட்டியில் அல்லது பில்டர் ஸ்பொஞ்சைக் குழாய்க்குக் கீழே பிழிந்து கழுவிய பிறகு வருவது, பற்றீரியாப் பெருக்கம். மூன்று நாள் தீனியை நிறுத்திக் காற்றைக் கூட்டினால் ஒரு கிழமையில் தெளியும். ஸ்பொஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள், அதுவும் நீரோட்டம் குறைந்தால் மட்டும்.

மணல்மேல் நீலப்பச்சைப் பாய், தொட்டால் தோலாக உரிகிறது

பாசி என்று சொல்கிறோம், உண்மையில் இது பற்றீரியா வகை. மணலில் இருந்து ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஈரத்துணிபோல முழுதாகப் பெயரும், அடியில் சிறு காற்றுக்குமிழ்கள் ஒட்டியிருக்கும், கையில் பூஞ்சண மணம் அடிக்கும். நீர் அசையாத மூலையில், அழுக்குப் படிந்த இடத்தில் தொடங்கும்.

வேடிக்கை என்னவென்றால் நைத்திரேற்று மிகக் குறைந்த தொட்டியிலும் இது வரும். செடி எல்லாவற்றையும் தின்று முடித்து, பட்டித்தாள் 0 காட்டும்போது மற்றச் செடி நின்றுவிட, பொசுபேற்று மிச்சம் இருந்தால் இது மட்டும் வளரும். ஆகவே முதலில் நைத்திரேற்றை அளக்காமல் தீனியைக் குறைக்காதீர்கள். 0 என்றால் தீனியைச் சற்றுக் கூட்டி, மிதக்கும் செடியை அள்ளி, 5 முதல் 10 க்குக் கொண்டு வாருங்கள். 40 க்குமேல் என்றால் தீனியைப் பாதியாக்கி, மணி பிளான்ட் தண்டையோ கங்குன் தண்டையோ பின்பக்கம் வேர் மட்டும் நீரில் தொங்க நட்டுவிடுங்கள். இரண்டும் இலை வெளியே இருப்பதால் காற்றிலிருந்து காபனை எடுத்து வேகமாக நைத்திரேற்றைக் குடிக்கும்.

நீக்கும் வேலை: பாயைக் கையால் உரித்து ரியூபால் உறிஞ்சுங்கள். மிச்சத்துக்கு பாமசியில் வாங்கும் ஐதரசன் பேரொட்சைட்டு. போத்தலில் 3 வீதம் என்று இருக்கிறதா பாருங்கள், 6 வீதமானால் அளவைப் பாதியாக்குங்கள். 45 லீற்றருக்கு 3 வீதக் கரைசல் 10 மில்லிலீற்றருக்குமேல் போகக் கூடாது. பில்டரை நிறுத்தி, சிறிஞ்சால் பாயின்மேல் நேரே மெதுவாக விட்டு, 15 நிமிடம் கழித்து பில்டரை ஓடவிடுங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள், மூன்று தடவை. ஹோர்ன்வேர்ட்டும் மொஸ் செடியும் வலிஸ்னேரியாவும் இதைத் தாங்காது, அவற்றின்மேல் படவிடாதீர்கள். நீரோட்டம் அந்த மூலைக்குப் போகும்படி பில்டர் வாயைத் திருப்பாவிட்டால் ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

இலை ஓரத்தில் கறுப்புத் தாடிபோல வளரும் பாசிக்கும் இதே சிறிஞ்சு முறை. இரண்டாம் நாள் இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது. நூல்பாசியைப் பழைய பல்துலக்கியில் இடியப்பம் சுற்றுவதுபோலச் சுற்றி எடுங்கள். புதுத் தொட்டியில் வரும் மண்ணிறத் தூள் ஒன்றிரண்டு மாதத்தில் தானாகப் போகும்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புக் குறை. தண்ணீரில் இரும்பு இல்லை என்பதல்ல காரணம். பீஎச் 8 இல் இரும்பு கரைந்து நிற்காது. உரக்கடையில் கிடைக்கும் ஈடீடீஏ இரும்பு (கரைந்து நிற்க ஈடீடீஏ என்ற பொருளோடு பிணைத்தது) பீஎச் 7 க்குக் கிட்டவே பிரிந்து துருவாகப் படியும். டீடீபீஏ வகை 7.5 வரை தாங்கும். ஈடீடீஎச்ஏ வகை 8, 9 இலும் தாங்கும், ஆனால் நீரை இளஞ்சிவப்பாக்கும். ஆகவே வன்னி நீருக்கு வேர் வழி கொடுப்பதே புத்தி. உரம், களைநாசினி படாத காட்டோரச் செம்மண்ணை அரித்து, பிசைந்து, கோலிக்குண்டு அளவு உருட்டி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, செடி அடியில் இரண்டு அங்குல ஆழத்தில் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒட்சிசன் இல்லாத ஆழத்தில் இரும்பு செடி எடுக்கும் வடிவத்துக்கு மாறும். இரண்டு மூன்று கிழமையில் வரும் இலையைப் பாருங்கள். பழைய மஞ்சள் இலை பச்சையாகாது.

பழைய இலையில் ஊசித்துளை விழுந்து, துளையைச் சுற்றி மஞ்சள் படர்ந்தால் பொற்றாசியக் குறை. வயலுக்கு வாங்கும் எம்ஓபி உரத்தில் (பொற்றாசியம் குளோரைட்டு) 10 கிராம் எடுத்து அரை லீற்றர் நீரில் கரைத்து வடியுங்கள். கிழமைக்கு 25 மில்லிலீற்றர் விட்டால் தொட்டியில் லீற்றருக்கு 5 மில்லிகிராம் அளவு பொற்றாசியம் ஏறும். நாலு கிழமையோடு நிறுத்துங்கள். மாற்றாத தொட்டியில் போட்டதெல்லாம் உள்ளேயே நிற்கும்.

யூரியாப் பை பக்கத்தில் இருக்கிறதே என்று யாரும் தொடவேண்டாம். ஒரு கிராம் யூரியா 45 லீற்றரில் 10 பீபீஎம் நைதரசன். பற்றீரியா அதை உடைத்து அமோனியாவாக்கும்போது, மேலே சொன்ன பீஎச்சில், இரண்டு நாளில் தொட்டி காலி.

கிரிப்டோகொரைன் நட்ட கிழமையில் இலையெல்லாம் கரைந்து போனால் குறைபாடு இல்லை, இடம் மாறிய கோபம். வேரைப் பிடுங்காமல் விட்டால் ஒரு மாதத்தில் புதிய இலை வரும்.

மணலைக் கிளறினால் கூழ்முட்டை மணம்

ஈர்க்கு ஒன்றை மணலில் அடிவரை குத்தி, பத்து நிமிடம் வைத்து இழுங்கள். நுனி கறுத்து, மூக்கைச் சுளிக்க வைக்கும் மணம் வந்தால் அடியில் ஐதரசன் சல்பைட்டு இருக்கிறது. சின்னக் குமிழ் ஒன்றிரண்டு வருவது எல்லாத் தொட்டிக்கும் உண்டு. வேரோடிய மண்ணில் அது கெடுதல் செய்யாது. பெருங்குமிழ் குபுகுபுவென்று வந்தால் மண் ஆழம் கூடிவிட்டது அல்லது மாட்டெரு கலந்துவிட்டீர்கள். மண் 2.5 சென்ரிமீற்றர், மேலே கழுவிய ஆற்று மணல் 2.5 சென்ரிமீற்றர், இதற்குமேல் தேவையில்லை.

ஒரே நாளில் முழுதும் கிளறினால் மீன் சாகும். தொட்டியை நாலாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கில் மட்டும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு குத்து. குத்தும்போது காற்றுப் பம்ப் ஓடட்டும். வெற்றிடமாக இருக்கும் மண்ணில் வலிஸ்னேரியாவை நடுங்கள், வேர் ஒட்சிசனைக் கீழே கொண்டுபோகும். கடல் மணல் போட்டவர்கள் ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் கலந்திருக்கிறது, வன்மை எத்தனை மாற்றினாலும் இறங்காது. மணலையே மாற்ற வேண்டும்.

தண்ணீர் விட்ட அன்றே மீன் சுழன்று துள்ளிச் சாகிறது

உப்பு இவ்வளவு விரைவாகக் கொல்லாது. நஞ்சைத் தேடுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரீன் போடுவார்கள். அந்தக் கிழமை கிணற்று நீரைத் தொட்டிக்குக் கொண்டு வரவேண்டாம், மணம் முற்றாகப் போய் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள். குழாய்நீரானால் 10 கிராம் சோடியம் தயோசல்பேற்றை 100 மில்லிலீற்றரில் கரைத்து வைத்து, 10 லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் விடலாம், அல்லது வாயகன்ற பாத்திரத்தில் காற்றுக்குமிழியோடு இரண்டு நாள் வைக்கலாம். காலபோகம், சிறுபோகம் எதுவானாலும் வயல் வாய்க்கால் நீரும் அதிலிருந்து பிடுங்கிய செடியும் வேண்டாம்: களைநாசினி செடியைக் கருக்கும், பூச்சிநாசினி மீனைக் கொல்லும். நுளம்புப் புழுவுக்கு மருந்து போட்ட தொட்டி நீரில் கப்பி தப்பினாலும் இறால் தப்பாது.

ஆழ்குழாய் நீர் இறைக்கும்போது தெளிவாக வந்து, வாளியில் செம்மஞ்சளானால் அது இரும்பு. ஒரு இரவு காற்றடித்து, வேட்டித்துணியில் வடித்துப் பாவியுங்கள்.

நத்தை ஓடு வெளுத்துக் குழி விழுகிறது, பீஎச் 6 க்குக் கீழே

முழுக்க மழைநீரிலேயே ஓட்டியவர்களுக்கு வருவது. மழைநீரில் காபனேற்று வன்மை இல்லை. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியா அதை நாளுக்கு நாள் தின்கிறது. வன்மை 0 ஆனதும் பீஎச் தடுமாறி இறங்கும், 6 க்குக் கீழே அந்தப் பற்றீரியா வேலையை நிறுத்தும், அமோனியா சேரத் தொடங்கும். ஆனால் அந்தப் புளிப்பில் அது நஞ்சற்ற வடிவத்தில் கிடப்பதால் மீன் உயிரோடு இருக்கும்.

காபனேற்று வன்மையை 3 பாகைக்கு (இது வன்மைப் பாகை, வெப்பப் பாகை அல்ல) ஏற்ற வேண்டும். உங்கள் கிணறு 15 பாகை காட்டினால் 3 லீற்றர் கிணற்று நீர் ஒரு பாகை தரும். இவ்வளவு நேரம் திட்டிய தண்ணீர்தான் இங்கே மருந்து. அல்லது அப்பச்சோடா கால் தேக்கரண்டி மட்டமாக எடுத்து நீரில் கரைத்து விட்டால் ஏறத்தாழ ஒரு பாகை. நெடுநாளைக்குக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு ஒரு துண்டு, ஒரு கிழமை நல்ல நீரில் ஊறவைத்து அவித்தது, பில்டர் வாய்க்குக் கிட்ட வையுங்கள். நத்தைக்கும் கல்சியம் கிடைக்கும்.

எதைச் செய்தாலும் நாளுக்கு ஒரு பாகைக்குமேல் ஏற்றாதீர்கள், அந்த நாட்களில் தீனியும் போடாதீர்கள். ஒரே வீச்சில் பீஎச் 6 இலிருந்து 8 க்குப் போனால் உள்ளே சேர்ந்து கிடந்த அமோனியா ஒரு மணித்தியாலத்துக்குள் நஞ்சு வடிவத்துக்கு மாறும். காலையில் நீந்திய மீன் மத்தியானம் பக்கவாட்டில் மிதக்கும்.